மூன்று சட்டைக்குள் ஒருவரைக் கண்டவருக்கு

கொள்முதல் பிரிவின் குன்றாத விளக்கே! கூர்ந்த கண்ணும் குளிர்ந்த சொல்லும் கொண்ட எங்கள் அக்காவே! இந்தக் கணினிச் சிப் தொழிற்சாலையின் வாசலுக்கு வந்த ஒவ்வொரு பொருளையும் இருபத்தெட்டு ஆண்டுகள் வழிமறித்து விசாரித்தவரே, வணக்கம்.

"அவங்களுக்கு யாரு தர்றாங்க?" என்று நீங்கள் கேட்காத நாளில்லை. வாயுவோ அமிலமோ, விற்பவரோடு உங்கள் விசாரணை நின்றதில்லை. அவருக்கு விற்பவர், அவருக்கும் விற்பவர் என்று போய்க்கொண்டே இருப்பீர்கள். முதுகுக்குப் பின்னால் நாங்கள் உங்களுக்கு 'ஆதிமூலம்' என்று பெயர் வைத்ததும் உங்களுக்குத் தெரியும்.

எங்கள் எந்திரங்களில் வாயு கசியாமல் காப்பது வளையல் அளவு ரப்பர் வளையம். அதை மூன்று நிறுவனங்களிடம் வாங்கினோம். ஒன்று போனால் இரண்டு உண்டென்று நிம்மதியாக இருந்தோம். நீங்களோ மூன்று பெட்டிகளையும் பிரித்து, பூதக்கண்ணாடியை வைத்து, மூன்று வளையங்களிலும் ஒரே இடத்தில் மயிரிழை அளவு தழும்பைக் காட்டினீர்கள். எல்லாம் ஒரே ஆலையில், ஒரே அச்சில் வார்த்தவை. "மூணு பேரு இல்லீங்க. ஒரே ஆளு மூணு சட்டை போட்டிருக்காரு," என்றீர்கள்.

வேறு ஆலையைத் தேடிப் பிடித்தீர்கள். அதன் வளையம் சோதனையில் இரண்டு முறை கசிந்தது. ஒரு நாள் உற்பத்தி குப்பைக்குப் போனது. சும்மா கிடக்கிற சங்கை ஊதுவானேன் என்று நாங்களே முணுமுணுத்தோம், வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம். சோதனையை நிறுத்தச் சொல்லி உற்பத்தி மேலாளர் கடிதமே எழுதினார். "இன்னும் ஒரே ஒரு தடவை சார். இதுவும் கசிஞ்சா என் நாற்காலிய நானே காலி பண்ணிடறேன்," என்றீர்கள். கசியவில்லை.

அதிலிருந்து நான்காம் மாதம், அந்தப் பழைய ஆலை தீக்கிரையானது. மூன்று நிறுவனங்களின் கடிதங்களும் ஒரே காலையில் வந்தன: சரக்கு இல்லை. அந்த வளையத்தை நம்பிய மற்ற தொழிற்சாலைகள் ஒன்பது வாரம் உறங்கின. நம் எந்திரங்கள் ஒரு மணி நேரமும் ஓயவில்லை. ஆயிரத்து இருநூறு பேரின் வேலை பிழைத்தது. மேலாளர் உங்கள் மேசைக்கே வந்து, "அந்தக் கடிதத்தக் குடுங்க, கிழிச்சிடறேன்," என்றார். "தாராளமா கிழிங்க சார். நகல் ரெண்டு, ரெண்டு அலமாரியில இருக்கு," என்றீர்கள். இன்று உங்கள் பணி ஓய்வு விழாவுக்குத் தலைமை தாங்குபவரும் அவரே.

எல்லாவற்றுக்கும் மாற்று வைத்தவர் தமக்கு மட்டும் வைக்கவில்லையே என்று போன வாரம்வரை கலங்கினோம். திங்களன்று புதிதாக இரண்டு அமில வியாபாரிகள் வந்தார்கள். நீங்கள் வாய் திறக்குமுன் அறையிலிருந்த பதினொரு பேரும் ஒரே குரலில் கேட்டோம்: "உங்களுக்கு யாரு தர்றாங்க?" நீங்கள் குனிந்து வெகுநேரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தீர்கள்.

நலமும் நிம்மதியும் நிறைந்து நூறாண்டு கடந்து நீங்கள் வாழ வேண்டும். உங்கள் கேள்விக்கு இனிப் பதினொரு வாய்கள் உண்டு. உங்களுக்கு மாற்று இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், அக்கா.

என்றும் விசாரித்துக்கொண்டே இருக்கும்,
கொள்முதல் பிரிவுப் பதினொருவர்