பத்து நிமிடம் ஓடிய ரத்தம்

ஒரு ஜெனரேட்டரை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் அது இருபது வருஷம் உழைக்கும். எண்ணெயை நேரத்துக்கு மாற்ற வேண்டும். பாலைவனக் காற்று வீசும் மாதங்களில் புழுதி உள்ளே போகாமல் பார்க்க வேண்டும். பெல்ட் சத்தம் மாறினால் காது கொடுத்துக் கேட்க வேண்டும். ஓட்டுக்போ ஊரில் எங்கள் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குப் பின்னால், தகரக் கொட்டகையில் நிற்கிற ஜெனரேட்டரைப் பதினேழு வருஷமாக நான்தான் பார்க்கிறேன். அதனால் உங்கள் விசாரணை அறிக்கையில் "ஜெனரேட்டர் பழுதே தவறுக்குக் காரணம்" என்று எழுதப்போகிறீர்கள் என்று கேள்விப்பட்டதும் வருத்தமாகிவிட்டது. அதைச் சரிசெய்யத்தான் வந்திருக்கிறேன்.

நீங்கள் பெரிய படிப்பு படித்தவர். ரத்தம் பரிசோதிக்கிற டெர்னாவை மூன்று மணி நேரம் விசாரித்தீர்கள். முதலாளியோடு உட்கார்ந்து கோழி சாப்பிட்டீர்கள். என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "பாபா, ஜெனரேட்டர் நல்லா ஓடுதா?" நல்லா ஓடுது என்றேன். நன்றி என்று போய்விட்டீர்கள். சுவரில் தொங்குகிற எந்தப் பட்டமும் ஜெனரேட்டரை ஸ்டார்ட் செய்யாது என்பது உங்களுக்குத் தோன்றவில்லை. பரவாயில்லை, யாருக்கும் தோன்றியதில்லை.

என் காலத்தில் பெண் கேட்டு வருகிறவன் வள்ளிக்கிழங்கும் ஆடும் கொண்டுவந்தான். இப்போது ரத்தப் பரிசோதனைக் காகிதம் கொண்டுவருகிறான். அதில் இரண்டு எழுத்து இருக்கும். ஏ-ஏ என்றால் அவன் ராஜா, யாரையும் கட்டலாம். ஏ-எஸ் என்றால் ஏ-ஏவைத்தான் தேட வேண்டும். ஏ-எஸ்ஸும் ஏ-எஸ்ஸும் கட்டிக்கொண்டால் பிள்ளைக்கு எஸ்-எஸ் விழக்கூடும். அரிவாள் மாதிரி வளைந்த ரத்தம், எலும்புக்குள் வலி, சின்ன வயதிலேயே சாவு. காகிதத்தைப் பார்க்காமல் எங்கள் பாஸ்டர் கல்யாண அறிவிப்பே படிக்க மாட்டார். இந்த எஸ் என்பதை நான் கண்ணால் பார்த்ததில்லை. பாஸ்டரும் பார்த்ததில்லை. ஆனால் நம்புகிறோம்.

என் ஒரே மகள் ஒன்யேச்சே ஏ-எஸ். பள்ளிக்கூடத்திலேயே சொல்லிவிட்டார்கள். எஜெம்பி என்று ஒருவன் நான்கு வருஷம் அவள் பின்னால் சுற்றினான். நல்ல பையன். கடைசியில் காகிதம் வந்தது, அவனும் ஏ-எஸ். அழுதுகொண்டே போனான். அடுத்த வருஷமே வேறொருத்தியைக் கட்டினான். நான்கு பிள்ளைகள். நால்வரையும் மோட்டார் சைக்கிளில் அடுக்கிக்கொண்டு எங்கள் வீட்டைத் தாண்டித்தான் பள்ளிக்குப் போவான். ஊரில் வேறு பாதை இல்லாமல் இல்லை.

மகள் பள்ளிச் சீருடை தைத்தாள். முப்பத்தைந்து வயதானது. சபையில் முன்வரிசையில் என் பக்கத்தில் உட்கார்கிறவன் ஒரு நாள் கேட்டான்: "ஓக்வுச்சே, உன் பொண்ணு தையல் மெஷினையே கட்டிக்கிட்டாளா? சொன்னா விருந்துக்கு வந்திருப்போம்ல?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகுதான் அமே வந்தான். தச்சன், அமைதியானவன், நாற்பது வயது, அதுவரை ரத்தப் பரிசோதனை செய்துகொண்டதே இல்லை.

எங்கள் கூடத்தில் எப்படிப் பார்ப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன். நனைத்த காகிதப் பட்டையின் ஓரத்தில் ரத்தத்தைப் பொட்டு வைத்து, இரண்டு பக்கமும் கரண்ட் கொடுப்பார்கள். ரத்தம் காகிதத்தில் ஊர்ந்து போகும். ஏ முன்னால் ஓடும். எஸ் நொண்டி, பின்தங்கும். அரைமணி நேரம் ஓடினால் இரண்டு கோடாகப் பிரிந்து நிற்கும். அதற்கு முன்னால் பார்த்தால் எல்லாம் ஒரே கோடுதான், எல்லோரும் ஏ-ஏதான். அந்த அரைமணி நேரமும் கரண்ட் என் கையில். அரசு கரண்டை நம்பி ரத்தம் ஓட்டுகிற முட்டாள் இந்த ஊரில் இல்லை.

இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. ஒரு முறை நிஜமாகவே பெல்ட் அறுந்து பாதியில் நின்றது. டெர்னா இருந்ததைப் பார்த்து மூன்று பேருக்கு ஏ-ஏ எழுதிவிட்டான். அதில் ஒருவன் வேறு ஊரில் பார்த்து ஏ-எஸ் என்று காகிதத்தோடு வந்து நின்றான். முதலாளி கத்தினார். ஏ-எஸ் என்று தெரிந்த ரத்தத்தை ஒவ்வொரு முறையும் பக்கத்தில் பொட்டு வைத்து ஓட்ட வேண்டும், அது பிரிந்தால்தான் மற்றதைப் படிக்க வேண்டும் என்று சுவரில் எழுதி ஒட்டினார். டெர்னா ஒரு மாதம் அப்படியே செய்தான். அப்புறம் அந்தக் காகிதத்தின் மேல் கால்பந்து அட்டவணையை ஒட்டிவிட்டான். நான் கொட்டகையிலிருந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அமே ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் வந்தான். "மாமா, ஊசின்னா எனக்குப் பயம்" என்றான்.

"கல்யாணத்துக்குப் பயமில்லையா?"

"அதுக்கு இதைவிடப் பயம். ஆனா அங்க நீங்க இருப்பீங்களே."

ரத்தம் கொடுத்துவிட்டுப் போனான். டெர்னா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "பாபா, உங்க பொண்டாட்டியை எழுப்புங்க, ரத்தம் காத்துக்கிட்டு இருக்கு" என்றான். ஜெனரேட்டரை என் பெண்டாட்டி என்பது அவன் வழக்கம். எழுப்பினேன். கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து நிமிடம் ஆனதும் நிறுத்தினேன்.

"பாபா! என்ன ஆச்சு?"

"டீசல்ல தண்ணி."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஒரு மணி நேரம். கூடவும் ஆகலாம்."

"ஐயோ, நாலு மணிக்கு மேட்ச். உங்க பொண்டாட்டிக்கு என்னைக் கண்டாலே ஆகாது." உள்ளே போனான். "சரி விடுங்க, ஒரே கோடுதான், அழகா இருக்கு" என்றான். எழுதினான். அவன் கையை நான் பிடித்து எழுதவைக்கவில்லை. அமே எந்த எழுத்து என்று எனக்கு அன்று தெரியாது. அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். நான் யாருக்கும் நோயைக் கொடுக்கவில்லை. தெரிந்துகொள்ளாமல் பார்த்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

நல்ல கல்யாணம். முன்வரிசைக்காரன் மூன்று தட்டு சாப்பிட்டான்.

பேத்தி எனே பிறந்தாள். பிறந்த ஒன்பதாம் மாதம் குழந்தையின் கையும் காலும் ரொட்டி மாதிரி வீங்கின. டாக்டர் லாடி என்று ஒரு சின்னப் பெண், காகிதத்தில் படம் போட்டுக் காட்டினாள். "குழந்தை எஸ்-எஸ். ஒரு எஸ் அம்மாகிட்டேருந்து, ஒரு எஸ் அப்பாகிட்டேருந்து. வேற எங்கேருந்தும் வராது."

அமேயின் அம்மா அன்று மாலையே பைபிளுக்குள் வைத்திருந்த காகிதத்தோடு என் வீட்டுக்கு வந்தாள். "என் பையன் ஏ-ஏ. சபை முத்திரை குத்தியிருக்கு, பாரு. அந்த இன்னொரு எஸ் எந்த மோட்டார் சைக்கிள்ல வந்து இறங்குச்சுன்னு உன் பொண்ணைக் கேளு."

எஜெம்பியும் ஏ-எஸ் என்பது ஊருக்கே தெரியும். அவன் தினமும் எங்கள் வீட்டைத் தாண்டிப் போவதும் தெரியும். படிக்காதவள் போட்ட கணக்கு, ஆனால் எங்கும் இடிக்கவில்லை. டாக்டரின் படமும் அதையே சொன்னது.

இரண்டு குடும்பமும் கூடி உட்கார்ந்தது. ஒன்யேச்சே அழவில்லை. "இன்னொரு தடவை அவர் ரத்தத்தைப் பாருங்க. எங்க அப்பா வேலை பார்க்கிற இடத்துலயே பாருங்க. அங்க யாரும் என்னை ஏமாத்த முடியாது" என்றாள்.

மறுபரிசோதனைக்கு முந்தைய வாரம் முழுக்க யோசித்தேன். அவசரத்தில் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். இந்த முறை ஏ-எஸ் என்று வந்தால் முதல் காகிதம் எப்படி வந்தது என்று கேட்பார்கள். டெர்னா ஜெனரேட்டரைக் கைகாட்டுவான். டீசலில் தண்ணீர் என்று சொன்னது யார் என்று முதலாளி கேட்பார். அறுபத்தெட்டு வயதில் முன்வரிசையிலிருந்து எழுந்து பின்வரிசைக்குப் போக வேண்டும். ஒரு மனிதனின் பெயர் ஒரே நாளில் உண்டாவதில்லை. மகள் விஷயம் வேறு. அவளுக்கு வயதிருக்கிறது, ஜனங்கள் மறந்துவிடுவார்கள்.

பரிசோதனை நாளன்றைக்குப் பார்த்து அரசு கரண்ட் வந்து தொலைத்தது. மாதத்துக்கு ஒரு முறை எட்டிப்பார்க்கிற விருந்தாளி, அன்றைக்கா வர வேண்டும்? டெர்னா, "பாபா, இன்னைக்கு உங்க பொண்டாட்டிக்கு லீவு" என்று சொல்லிவிட்டு ரத்தத்தை ஏற்றினான். நான் பின்பக்கம் போய் மெயின் பெட்டியில் ஃபியூஸைப் பிடுங்கினேன். பத்து நிமிடத்தில். அரசு கரண்டைத் திட்டிக்கொண்டே, ஜெனரேட்டரை எழுப்பக்கூடச் சொல்லாமல், டெர்னா அந்த ஒரே கோட்டைப் பார்த்தான். பழைய காகிதத்தில் ஏ-ஏ என்றிருந்தது. புதிதிலும் அதையே எழுதினான். ஆக, இரண்டாம் முறை என் ஜெனரேட்டர் ஓடவே இல்லை. ஓடாத ஜெனரேட்டரைப் பழுது என்று எப்படி எழுதுவீர்கள்?

அமே கத்தவில்லை. தள்ளுவண்டியில் தையல் மெஷினை ஏற்றி, பின்னால் மகளும் பேத்தியும் நடந்துவர, என் வாசலில் கொண்டுவந்து இறக்கினான். "மாமா, என்மேல கோபப்படாதீங்க" என்றான்.

"காகிதம் சொல்றதுக்கு நீ என்னப்பா பண்ணுவே" என்று அவன் தோளில் தட்டினேன். ஆறுதல் சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லிவிட வேண்டும்.

டாக்டர் லாடி விடுகிற ஆளில்லை. குழந்தையின் ரத்தப் பொட்டு ஒன்றை அட்டையில் காயவைத்து எடுத்துவைத்திருந்தாள். "லாகோஸ்ல ஒரு மெஷின் இருக்கு. ரத்தத்தை ஓடவிட்டுக் கோடு பார்க்கிற வேலை இல்லை. மரபணுவையே ஒவ்வொரு எழுத்தா படிச்சிடும். அப்பாவோட கன்னத்துக்குள்ள பஞ்சால தேய்ச்சுக் கொடுத்தா போதும்" என்று ஒன்யேச்சேயிடம் சொன்னாள். நான் ஒரு கேள்வி மட்டும் கேட்டேன்: கரண்ட் போனால்? "பேட்டரி இருக்கு பாபா, அது பாட்டுக்குப் படிக்கும்" என்று சிரித்தாள். இன்னொன்றும் சொன்னாள்: காய்ச்சல் வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் தூக்கிக்கொண்டு வாருங்கள், வரும்போது அமேயையும் கூப்பிட்டு அந்தப் பஞ்சு விஷயத்தையும் முடித்துவிடலாம்.

மழைக்காலத்தில் எனேவுக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டு வயது நான்கு மாதம். வயிற்றின் இடது பக்கம் கல் மாதிரி இருந்தது. "அப்பா, ஆஸ்பத்திரிக்குப் போலாமா?" என்று ஒன்யேச்சே கேட்டாள். மலேரியாதான், நாளைக்குப் பார்க்கலாம் என்றேன். மறுநாளும் கேட்டாள். மழை விடட்டும் என்றேன். அங்கே போனால் அந்த டாக்டர் எல்லார் முன்னாலும் பஞ்சுப் பேச்சை எடுப்பாள், மகள் ஏற்கெனவே நொந்துபோயிருந்தாள். அவளை இன்னும் அலைக்கழிக்க எனக்கு மனம் வரவில்லை. குழந்தைக்குத் தைலம் தேய்த்துவிட்டேன். என் விரலைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். மூன்றாம் நாள் காலையில் பிடி விட்டது.

அடக்கத்துக்கு அமே வந்தான். அவனே சவப்பெட்டி செய்து கொண்டுவந்திருந்தான். மண்ணள்ளிப் போட்டவன், கையைக்கூடக் கழுவாமல் நேராக டாக்டரிடம் போய் வாயைத் திறந்து காட்டினானாம். நான்கு மாதம் கழித்து லாகோஸிலிருந்து கடிதம் வந்தது. குழந்தை அமேயுடையது. அமே ஏ-எஸ். டாக்டர் புகார் எழுதினாள், நீங்கள் வந்தீர்கள், டெர்னா வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்து கால்பந்து பார்க்கிறான். அவனுக்கு அது தண்டனையே இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அமே வாசலில் வந்து நின்றான். ஒன்யேச்சே கதவைத் திறக்கவில்லை. அவன் ரொம்ப நேரம் நின்றுவிட்டுப் போனான். பிறகு அவள் கடிதத்தோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முழுக்கப் படித்துக் காட்டினாள், இரண்டு முறை. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஊரே என்னைச் சந்தேகப்பட்டுச்சு. பாஸ்டர்கூட முகம் பார்த்துப் பேசலை. நீங்க ஒருத்தர்தான் அப்பா, ஒரு வார்த்தைகூட என்னைக் கேட்காம நம்பினீங்க."

அவள் சொன்னதில் தப்பே இல்லை. குழந்தைக்கு எஸ்-எஸ் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து, என் மகள்மேல் எனக்கு ஒரு நொடிகூடச் சந்தேகம் வந்ததில்லை. அவளைப் பெற்றவளே உயிரோடு இருந்திருந்தால் ஒரு முறையாவது கேட்டிருப்பாள். நீங்கள் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவளிடம் இதைப் படித்துக் காட்டாதீர்கள். ஒரு தகப்பன் தன்னை எவ்வளவு நம்பினான் என்பது ஒன்றுதான் இப்போது அவளிடம் மிச்சமிருக்கிறது. அதையும் பிடுங்கிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.