மூன்று நல்ல ஊதல்

பெங்களூரில் வீடு மாற்றிக்கொண்டு போகிறவர்கள் யாரிடம் மறைத்தாலும் தண்ணீர் கேன் போடுகிறவரிடம் மறைக்க மாட்டார்கள். காலிக் கேனைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமே. புது வீடு எந்தக் குறுக்குத் தெருவில், எந்த மாடியில் என்பதெல்லாம் அவரிடம் இருக்கும். உங்கள் இலாகாவுக்குப் பயன்படும் என்றுதான் சொல்கிறேன், இன்ஸ்பெக்டர் மேடம். டீ நன்றாக இருக்கிறது. இஞ்சி தட்டிப் போட்டிருக்கிறார்கள் போல.

என்னை யாரும் கூப்பிடவில்லை, நானாகத்தான் வந்தேன். யாமினி விஷயத்தில் நீங்கள் எழுதியிருப்பதில் ஒரு தகவல் தவறு என்று கேள்விப்பட்டேன். சின்னத் தவறுதான். ஆனால் தவறான தகவல் பதிவாவதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியாது, பார்க்கிற வேலை அப்படி. எது தவறு என்பதை முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

என் பெயர் கேரல். பிறந்தது, இருப்பது எல்லாம் காக்ஸ் டவுன். பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு நுரையீரல் ஆராய்ச்சி மையத்தில் வேலை. தூசும் புகையுமான பட்டறைகளில் வேலை பார்க்கும் கர்ப்பிணிப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு, பிறக்கிற குழந்தைக்கு ஆறு வயது ஆகும்வரை அதன் நுரையீரல் எப்படி வளர்கிறது என்று பார்க்கிறோம். நல்ல காரியம் மேடம். இதன் முடிவைக் காட்டித்தான் நாளைக்கு ஒரு முதலாளியிடம் முகக்கவசம் கொடு, காற்றோட்டம் வை என்று கேட்க முடியும். அதில் எனக்கு என்றைக்கும் சந்தேகம் வந்ததில்லை, இப்போதும் இல்லை.

இப்படிப்பட்ட ஆராய்ச்சிக்கு எமன் ஒன்றே ஒன்றுதான். சேர்ந்தவர்கள் பாதியில் காணாமல் போவது. பொங்கலுக்கு ஊருக்குப் போவார்கள், அப்படியே நின்றுவிடுவார்கள். போன் நம்பரை மாற்றுவார்கள். மற்ற இடங்களில் இதைச் சகஜமாக எடுத்துக்கொண்டு, 'தொடர்பு விட்டுப்போனவர்கள்' என்று கட்டுரையில் ஒரு வரி எழுதி முடித்துவிடுவார்கள். அந்த வரியைப் படித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் மையத்தில் அந்த வரி கிடையாது. ஒரு மாநாட்டில் எங்கள் டாக்டர் சௌம்யா இதைச் சொன்னபோது யாரும் நம்பவில்லையாம். அதற்கப்புறம் திரையில் என் போட்டோவைக் காட்டினாராம்.

மந்திரம் ஒன்றும் இல்லை. பழகுவேன், அவ்வளவுதான். யார் வீட்டில் எப்போது காதுகுத்து, யாருடைய தங்கை ஆம்பூரில் எந்தத் தெருவில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள், எல்லாம் எனக்குத் தெரியும். அக்கா அக்கா என்று உயிரை விடுவார்கள். என் தம்பி ஓஸ்வால்ட் ஆஸ்திரேலியாவில் பெர்த்துக்குக் குடிபோனதும் எனக்குச் சொல்லாமல் நம்பரை மாற்றிக்கொண்டான். அவன் போகிற சர்ச்சுக்குப் போன் செய்து ஒரே வாரத்தில் வாங்கிவிட்டேன். "உன்கிட்டருந்து தப்பவே முடியாதாடி" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொல்லியிருப்பான்.

இப்போது யாமினி. கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பெண். இரும்புச் சாமான்களுக்குப் பெயின்ட் பொடி அடிக்கிற பவுடர் கோட்டிங் பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தபோது வயிற்றில் குழந்தையோடு எங்களிடம் சேர்ந்தாள். பெண் குழந்தை, பெயர் ரக்ஷா. பெயர் வைத்த அன்று என் மடியில்தான் போட்டார்கள். புருஷன் ராஜேஷ்குமார் லேத் ஓட்டுகிறவர், நம்மிடம் பேசினால் மரியாதையானவர். வீட்டுக்குள் கை நீளும். ஒருமுறை யாமினிக்குக் காறை எலும்பு உடைந்து நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னாள். வழுக்கி விழுந்தால் கழுத்தில் விரல் தடம் விழாது. எனக்குத் தெரியாமல் இல்லை மேடம், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த வருடம் மழைக்காலம் ஆரம்பித்தபோது அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டுப் போய்விட்டாள். நல்லதுதான் என்று நினைத்தேன். வேறு எந்தப் பெண்ணாக இருந்தாலும் நானே பஸ் ஏற்றிவிட்டிருப்பேன். ஆனால் ரக்ஷாவுக்கு ஆறு வயது ஆக மூன்று மாதம்தான் பாக்கி. கடைசிப் பரிசோதனை பாக்கி. கர்ப்பத்திலிருந்து பார்த்துப் பார்த்து வந்ததெல்லாம் அந்த ஒரு நாளுக்காகத்தான்.

அது ஊதுகிற பரிசோதனை. மூக்கைக் கிளிப்பால் அடைத்து, வாயில் குழாய் வைத்து, முழு மூச்சையும் ஊத வேண்டும். எதிரே திரையில் பிறந்தநாள் கேக் தெரியும், குழந்தை ஊத ஊத மெழுகுவர்த்திகள் அணையும். குழந்தை அழுதிருக்கக் கூடாது, பயந்திருக்கக் கூடாது, மூன்று ஊதல் ஒன்றுபோல் நன்றாக வர வேண்டும். பிறந்தநாள் வருகிற மாதத்துக்குள் செய்தாக வேண்டும். கண்ணாடி அறைக்குள் பொருத்திய கருவி என்பதால் வெளியே தூக்கிக்கொண்டு போகவும் முடியாது. முடிந்திருந்தால் நான் தலையில் சுமந்துகொண்டு போயிருப்பேன்.

பிறந்தநாள் நெருங்கும்போது ஒரு மாலை தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. குழந்தை இழுத்து இழுத்து மூச்சு விடுகிற சத்தம்தான் முதலில் கேட்டது.

"அக்கா, யாமினி பேசறேன். பாப்பாக்கு மறுபடியும் வீசிங் வந்துடுச்சு. பம்ப எத்தனவாட்டி அடிக்கணும்னு தெரியல. சொல்லுங்கக்கா."

பதறாமல் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தேன். குறையவில்லை என்றால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், பக்கத்தில் எது இருக்கிறது, நீ எங்கே இருக்கிறாய் என்று கேட்டேன். ஓசூர் ரோட்டில் அத்திபெலே என்றாள். பஸ் ஸ்டாண்டு பக்கமா, டோல்கேட் பக்கமா என்றேன். டோல்கேட் பக்கம், சந்தைக்குப் பின்னால், கீழே வெல்டிங் கடை, மாடியில் ரூம் என்றாள். குழந்தைக்காகத்தான் கேட்டேன் என்பதும் உண்மை. கொஞ்ச நேரத்தில் ரக்ஷாவுக்கு மூச்சு சீரானது. எனக்கும் அப்போதுதான் உயிர் வந்தது.

"அக்கா, அவருகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. உங்கள நம்பித்தான் போன் பண்ணேன்" என்றாள்.

"சீச்சீ, நான் எதுக்கும்மா சொல்லப் போறேன்" என்றேன். அப்போது அந்த எண்ணமே எனக்கு இல்லை. முன்கூட்டியே திட்டமிட்டேன் என்று எழுதினால் அதுவும் தவறான தகவலாகிவிடும்.

மறுநாள் நான் கூப்பிட்டேன். வண்டி அனுப்புகிறேன், பின்பக்கக் கதவு வழியாக உள்ளே கூட்டிப்போய்விடுகிறேன், ஒரு மணி நேரம்தான் என்று கெஞ்சினேன்.

"வேணாங்க்கா. அவரு உங்க கேட்டாண்டயேதான் உக்காந்திருக்காராமே. பீன்யா பக்கம் நான் கால வெக்கவே மாட்டேன். ஊதறதுக்காக உசுர விட முடியுமா?"

நியாயமான கேள்வி. நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அந்த நம்பர் அணைத்தே இருந்தது. டாக்டர் சௌம்யாவிடம் சொன்னேன். "விட்டுடுங்க கேரல். ஒருத்தர் போனா ரிசல்ட் ஒண்ணும் மாறிடாது. அந்தப் பொண்ணு சேஃபா இருக்கட்டும், அதான் முக்கியம்" என்றார். தங்கமான மனுஷி. மேலிடத்தில் நெருக்கினார்கள், அதனால் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை. ஒருவரும் நெருக்கவில்லை.

ஆனால் மேடம், ஒருத்தர் போனால் என்ன என்று ஆரம்பிப்பதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். இன்றைக்கு ஒருத்தர் போகலாம் என்றால் நாளைக்கு இன்னொருவர் போவார்.

யாமினி சொன்னது சரிதான், ராஜேஷ்குமார் எங்கள் கேட் எதிரில்தான் உட்கார்ந்திருப்பார். வேலைக்கும் சரியாகப் போவதில்லை. வாட்ச்மேனிடம் ஒருநாள் கன்னடத்தில் சொன்னது என் காதில் விழுந்தது. அவள் கிடைத்தால் உயிரோடு விடமாட்டாராம். கோபத்தில் யார்தான் சொல்வதில்லை? என்னிடம் வந்தால் கண்ணைத் துடைத்துக்கொள்வார். "பாப்பா மொகத்த ஒருவாட்டி பாத்தா போதும் சிஸ்டர், வேற ஒண்ணும் வேணாம்" என்பார்.

நான் யோசித்துப் பார்த்தேன். அவர் போய்ச் சமாதானம் பேசிக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டால் அவர்கள் பழைய வீட்டுக்கே வருவார்கள். பழைய வீடு எங்கள் மையத்துக்குப் பின்தெருவில்தான். குழந்தைக்கு அப்பா கிடைப்பார், பரிசோதனையும் நடக்கும். எல்லோருக்கும் நல்லது. ஒரு வியாழக்கிழமை கேட்டுக்குப் போய் அவரிடம் விலாசத்தைச் சொன்னேன். டோல்கேட், சந்தை, வெல்டிங் கடை, மாடி. ஒரு நிபந்தனையும் போட்டேன். என்ன நடந்தாலும் சனிக்கிழமை குழந்தையை இங்கே கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும் என்றேன்.

"பாப்பா மேல சத்தியம் சிஸ்டர்" என்றார்.

நீங்கள் எழுதியிருப்பதில் தவறு அங்கேதான். அவர் அங்கே இங்கே விசாரித்துத் தானே கண்டுபிடித்ததாக எழுதியிருக்கிறீர்கள். உங்களிடம் பிடிபட்ட பிறகு அவரும் என்னைக் காட்டிக்கொடுக்க வேண்டாம் என்று அப்படியே சொல்லியிருக்கிறார். அந்த மனிதருக்கு அவ்வளவு சாமர்த்தியம் ஏது? மூன்று மாதம் தேடியும் மாமியார் வீட்டு வாசலில் கத்திவிட்டு வந்ததுதான் மிச்சம். கண்டுபிடித்தது நான்.

சனிக்கிழமை சொன்னபடியே வந்தார். அதை அவர் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். காலையில் அத்திபெலே போய்விட்டு, ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பஸ் மாறி மாறிக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். கையில் ஒரு துண்டைச் சுற்றியிருந்தார். துண்டு நனைந்திருந்தது. யாமினி எங்கே என்று கேட்டேன். "தூங்கறா" என்றார். குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு, "நீங்களே வெச்சுக்குங்க சிஸ்டர்" என்று சொல்லி, திரும்பிப் பார்க்காமல் நடந்து போய்விட்டார்.

ரக்ஷாவின் பாவாடை ஓரத்தில் கறை இருந்தது. நான் கழுவிவிட்டு, எங்களிடம் இருக்கும் பிறந்தநாள் கவுனை மாட்டிவிட்டேன். தலை வாரினேன். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து மூக்குக் கிளிப்பை எடுத்தேன்.

"ஆன்ட்டி, அம்மா எந்திரிக்கவே மாட்டேங்கறாங்க. தண்ணி வேணும்னாங்க. அப்பா கதவப் பூட்டிட்டாரு" என்றாள்.

போன் என் கோட்டுப் பையில்தான் இருந்தது. அத்திபெலேயில் உங்கள் ஸ்டேஷன் சந்தைக்குப் பக்கத்தில்தான் என்பதும் தெரியும். ஆனால் அந்த நிமிடத்தில் நான் பதறிப் போன் செய்தால் குழந்தையும் பதறும். ஒருமுறை அழுதுவிட்டால் அன்றைக்கு ஊதல் சரியாக வராது, மாதமும் அந்த வாரத்தோடு முடிகிறது.

"அப்புறம் சொல்லலாம் கண்ணு. மொதல்ல அந்த மெழுகுவத்தி எல்லாத்தையும் அணைச்சுடு பாப்போம்" என்றேன்.

முதல் ஊதல் சரியாக வரவில்லை. உதடு நடுங்கியது. ஒரு பாட்டுப் பாடிக்காட்டினேன், பிஸ்கட் கொடுத்தேன், கொஞ்சம் ஓய்வு கொடுத்தேன். பிறகு பிடித்துக்கொண்டாள். மூன்றும் ஒன்றுபோல், கோடு போட்ட மாதிரி வந்தன. பட்டறையில் அத்தனை தூசில் வளர்ந்த கருவுக்கு இப்படி ஒரு நுரையீரல். அம்மா கடைசி மாதங்களில் துப்பட்டாவை மடித்து முகத்தில் கட்டிக்கொண்டே வேலை செய்தாள், அதுதான் காரணமாக இருக்க வேண்டும். என் கண் கலங்கிவிட்டது. கருவியைத் துடைத்து மூடிவைத்துவிட்டு, கை கழுவிவிட்டு, அதற்குப் பிறகு உங்கள் ஸ்டேஷனுக்குப் போன் செய்தேன்.

நீங்கள் போய்ப் பூட்டை உடைத்தபோது யாமினியின் உடம்பில் சூடு இருந்தது என்றீர்கள். ஒரு மணி நேரம் முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். இருக்கலாம். மருத்துவத்தில் அப்படி அடித்துச் சொல்ல முடியாது மேடம், நான் இத்தனை வருடம் டாக்டர்களோடு இருந்திருக்கிறேன். ஆனால் விலாசம் கொடுத்தது நான், அந்த ஒரு மணி நேரமும் நான் எடுத்துக்கொண்டதுதான். அவள் தண்ணீர் கேட்டாள் என்பது தெரிந்தே எடுத்துக்கொண்டேன். இப்போது தகவல் சரியாக இருக்கிறது, கையெழுத்துப் போடுகிறேன்.

இன்னும் ஒரு விஷயம். எங்கள் ஆராய்ச்சியைப் பத்து வயது வரைக்கும் நீட்டிக்க அனுமதி வந்திருக்கிறது. நீங்கள் ரக்ஷாவை எந்தக் குழந்தைகள் இல்லத்தில் சேர்த்தீர்கள் என்று கேட்டால் ஸ்டேஷன் எழுத்தரும் சொல்லவில்லை, நீங்களும் என்னை இப்படிப் பார்க்கிறீர்கள். சட்டப்படி என்னிடம் சொல்லக் கூடாது என்றால் சொல்ல வேண்டாம். என்னை எத்தனை காலம் உள்ளே வைத்தாலும், வெளியே வந்ததும் நானே விசாரித்துப் போய்ப் பார்த்துக்கொள்வேன். தாயில்லாத பிள்ளை மேடம். அதைத் தேடிக்கொண்டு வர ஒருவராவது வேண்டாமா?