உலர்ந்த தரை

குளியலறைச் சுவரில் கறுப்புப் புள்ளி விழ ஆரம்பித்தால் முதலில் வினிகர் தெளித்துப் பார்க்க வேண்டும், மேடம். அரை மணி நேரம் ஊறவிட்டுப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தால் பாதி போய்விடும். மீதிக்குச் சமையல் சோடாவைக் குழைத்துப் பூசலாம். வாடை இருந்தால் எலுமிச்சைத் தோலைக் காயவைத்து ஒரு மூலையில் வைப்பார்கள். அடுப்புக்கரியை மூட்டை கட்டித் தொங்கவிடுகிறவர்களும் உண்டு. நீங்கள் பேனாவை மூடிவிட்டீர்கள். திறந்து வையுங்கள், இதெல்லாம் வேண்டியிருக்கும்.

நான் ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பில் வேலை பார்க்கிறேன். நாற்காலியிலிருந்து கதவுக் கைப்பிடி வரை சும்மா இருக்கும் நேரமெல்லாம் துடைத்துக்கொண்டிருப்பேன். சுத்தப் பைத்தியம் என்று அக்கா எனக்குப் பெயர் வைத்திருந்தாள். அம்மா போனபோது எனக்கு ஆறு வயது, அக்காவுக்கு இருபத்திரண்டு. பள்ளிச் சீருடை தைக்கும் கடையில் மிஷின் மிதித்து என்னை ஆளாக்கியவள் அவள். யாராவது கல்யாணப் பேச்சை எடுத்தால், "அப்புறம் இந்தப் பிசாசை யார் தலையில கட்டுறது?" என்று என்னைக் காட்டிச் சிரித்து மழுப்பிவிடுவாள். அவள் என் மேல் உயிரையே வைத்திருந்தாள். எனக்கும் அவள்தான் எல்லாம். இதை இப்போது யாரும் நம்ப வேண்டியதில்லை.

போன வருடம் மிஷின் முன்னால் உட்கார்ந்தபடியே சரிந்தாள். ஒரு பக்கம் கையும் காலும் விழுந்துவிட்டன. என் வீட்டுக்கு அழைத்து வந்தது நான்தான், யாரும் கட்டாயப்படுத்தவில்லை. குளியலறையோடு சேர்ந்த அறையை அவளுக்குக் கொடுத்தேன். ஸ்டூலில் உட்காரவைத்துத் தினமும் வாளி வாளியாய் ஊற்றிக் குளிப்பாட்டினேன். அதில் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். "சின்னதுல உன்னைக் குளிப்பாட்டுனேன்ல குட்டி, இப்போ வட்டியும் முதலுமா வாங்கிக்கிறேன்" என்பாள். வாய் கோணியிருந்தாலும் பேச்சு தெளிவாகவே புரியும்.

இரண்டே மாதத்தில் சுவரெல்லாம் பூஞ்சை பிடித்துவிட்டது. நான் சொன்ன வைத்தியம் எதற்கும் அது மசியவில்லை. ஈரம்தான் காரணம் என்று புரிந்ததும் குளியலை நிறுத்தினேன். படுக்கையிலேயே ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துவிட்டேன். பெட்பேனைக் கொல்லைக் குழாயில் கழுவினேன், நானும் கொல்லையிலேயே குளித்துக்கொண்டேன். அந்தக் குளியலறைத் தரையை ஒற்றி ஒற்றி, தண்ணீர் போகும் சல்லடை வரைக்கும் ஒரு சொட்டு ஈரமில்லாமல் வைத்தேன். பூஞ்சை போன இடம் தெரியவில்லை. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஒரு மாதம் கழித்து அறையில் நாற்றம் வர ஆரம்பித்தது. மூத்திர வாடை போலவும் இருக்கும், அழுகிய வாடை போலவும் இருக்கும். மெத்தையை மாற்றினேன், திரையைத் துவைத்தேன், ஜன்னலைத் திறந்தே வைத்தேன். அது என் புடவையில் ஏறி வேலைக்கும் கூடவே வந்தது. ஒரு நாள் டாக்டர் என்னை உள்ளே கூப்பிட்டு, "தப்பா நினைச்சுக்காதீங்க. துணி சரியா காயலையோ? ஒரு பேஷண்ட் சொன்னாங்க" என்று மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. வீட்டுக்குப் புதிதாக வந்திருந்தது அக்கா ஒருத்திதான். அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

தண்ணீர் குறைந்தால் மூத்திரம் குறையும், மூத்திரம் குறைந்தால் நாற்றம் குறையும். எனக்கு அது நியாயமாகவே பட்டது. முதலில் சாயங்காலத்துக்குப் பிறகு தண்ணீர் கிடையாது என்றேன். அப்புறம் மதியத்துக்குப் பிறகு. கடைசியில் காலையில் மாத்திரையோடு அரை டம்ளர், அவ்வளவுதான். "குட்டி, தண்ணி" என்பாள். "பொறுக்கா, நாளைக்குத் தர்றேன்" என்பேன். "சரிடா" என்பாள். ஒரு தடவைகூட என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

உதடு வெடித்துவிட்டது. முகம் துடைக்கும்போது ஈரத்துணியின் ஓரத்தைப் பல்லால் பிடித்துக்கொள்வாள். விளையாடுகிறாள் என்று நினைத்தேன். இல்லை மேடம், அப்படி நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது. துணியை மெதுவாக உருவிக்கொண்டு போய்விடுவேன்.

ஒரு நாள் நான் மூக்கைப் பொத்திக்கொண்டு கதவைத் திறந்ததை அவள் பார்த்துவிட்டாள். "என்னாலதானே குட்டி நாறுது?" என்று கேட்டாள். 'இல்லை' என்று நான் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து மாத்திரைக்குக் கொடுத்த அரை டம்ளரையும் கையால் தள்ளிவிட்டாள். "வேணாம்டா, அப்புறம் நாறும். நீ வேலைக்குப் போறவ" என்றாள். அப்போதாவது நான் அவள் தலையைத் தூக்கிப் பிடித்து வாயில் ஊற்றியிருக்க வேண்டும். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கிளினிக்குக்குப் போனேன். மூன்றாம் நாள் காலையில் அக்கா கண் திறக்கவில்லை. வந்து பார்த்த தெருமுனை டாக்டர் பக்கவாதம், வயது என்று எழுதிக்கொடுத்தார். எல்லோரும் என்னைப் போல ஒரு தங்கை கிடைக்காது என்றார்கள்.

காரியமெல்லாம் முடிந்து மெத்தையை எரித்தேன். அறையை மூன்று தடவை ஈரத்துணியால் துடைத்தேன். நாற்றம் போகவில்லை. ஒரு வாரம் ஆகியும் அப்படியே இருந்தது. அவள் இல்லாத வீட்டில் அது எப்படி வரும்? குழாய் வேலை செய்கிறவரைக் கூப்பிட்டேன். அவர் குளியலறையில் குந்தி உட்கார்ந்து சல்லடையைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தார்.

"எத்தனை மாசமா இதுல தண்ணி ஊத்தல? உள்ள காஞ்சு கெடக்கு" என்றார். "இந்தக் குழாய் வளைவுல எப்பவும் தண்ணி நிக்கணும்மா. அது காஞ்சா சாக்கடை வாடை நேரா வீட்டுக்குள்ள ஏறும். வேற ஒண்ணுமில்ல." கொல்லையிலிருந்து ஒரு மக் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். ஜன்னலைத் திறந்துவிட்டு, கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும் என்று பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். நான் அக்காவின் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். சொன்னபடியே சரியாகிவிட்டது.

என்னைப் பாவம் போலப் பார்க்காதீர்கள் மேடம். அந்த வாடை அவளுடையதாகவே இருந்திருந்தால் நான் இந்த போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்திருக்க மாட்டேன். என்னால் ஆனதையெல்லாம் செய்தேன் என்று சொல்லிக்கொண்டு இந்நேரம் கிளினிக்கில் கைப்பிடி துடைத்துக்கொண்டிருப்பேன். தண்ணீர் கொடுக்காமல் என் அக்காவை நான் கொன்றேன், அதைப் பிறகு எழுதிக்கொள்ளலாம். முதல் வரியில், நாறியது அவள் இல்லை என்று எழுதுங்கள்.