தரை என்று சொன்னேன்

கொஞ்சம் உயரமான நாற்காலி இருந்தால் போடச் சொல்லுங்கள் சார். தாழ்வான நாற்காலியில் உட்காருவது பெரிய விஷயமில்லை, எழுந்திருப்பதுதான் பாடு. இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நின்றுகொண்டே சொல்கிறேன். எனக்கு அது பழகிப்போன ஒன்று.

நேற்று நீங்கள் கேட்டதற்கெல்லாம் என் மனைவி பதில் சொன்னாள். பாவம், என்னைக் காப்பாற்றத்தான் சொன்னாள். அதில் ஒரு விஷயம் மட்டும் சரியில்லை. அதைத் திருத்திவிட்டுப் போகலாம் என்று வந்தேன். திருத்துவதென்றால் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

வீடு காலி செய்கிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்கும் கம்பெனியில் நான் தூக்குகிற ஆளாகச் சேர்ந்தேன். ஒரு பீரோவைப் படியில் இறக்குவதென்றால் மேலே ஒருவன், கீழே ஒருவன். கனமெல்லாம் கீழே நிற்பவன் மேல்தான் இறங்கும். போதாததற்கு அவன் பின்பக்கமாக இறங்க வேண்டும். காலடி தெரியாது, முகத்துக்கு நேரே பலகைதான் தெரியும். அதனால் அவனுக்குப் பின்னால் ஒருவன் நின்று குரல் கொடுப்பான். ‘படி’ என்றால் இன்னும் படி இருக்கிறது. ‘திருப்பு’ என்றால் திருப்பம். ‘தரை’ என்றால் படி முடிந்துவிட்டது, காலை நீட்டி வைத்துத் தாராளமாக நடக்கலாம். தூக்குகிறவனுக்குக் கண்ணே அந்தக் குரல்தான். அதை நம்பாதவன் இந்த வேலையில் ஒரு நாள்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது.

எனக்கு வலது தொடை இடுக்குக்கு மேலே எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு புடைப்பு வந்தது. ஹெர்னியா என்றார்கள். எங்கள் தொழிலில் அது ஜலதோஷம் மாதிரி, யாருக்காவது வந்துகொண்டே இருக்கும். டாக்டர் ரொம்பத் தன்மையான மனிதர். உள்ளே ஒரு வலையை வைத்துத் தைத்துவிட்டால் போதும், சீக்கிரமே பழையபடி ஓடியாடலாம் என்றார். ஆபரேஷனும் நல்லபடியாகத்தான் முடிந்தது. புடைப்பு போனது, வலி வந்தது.

என்ன மாதிரி வலி என்று எல்லோரும் கேட்பார்கள். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்க மாட்டார்கள். நீங்கள் காத்திருக்கிறீர்கள், அதனால் சொல்கிறேன். உள்ளே ஒரு கொக்கியை மாட்டி யாரோ தொடைப்பக்கமாக இழுத்துப் பிடித்திருக்கிறார்கள். நான் தும்மினால், வண்டி வேகத்தடையில் ஏறினால், என் மகள் ஓடிவந்து மடியில் விழுந்தால், அந்த ஆள் வெடுக்கென்று ஒரு சுண்டு சுண்டுவான். பேண்ட்டின் இடுப்புப்பட்டை படுகிற இடம் எரியும். அதற்குக் கொஞ்சம் கீழே கிள்ளினால்கூட உறைக்காது. எரிச்சலும் மரமரப்பும் பக்கத்துப் பக்கத்துக் குடித்தனம்.

ஸ்கேன் எடுத்தோம். வலை அழகாக உட்கார்ந்திருக்கிறது என்றார் டாக்டர். அழகாம். இன்னொரு டாக்டர் நரம்பு என்றார். மூன்றாமவர் மனசு என்றார். மனசு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, வலது தொடை இடுக்கில் இல்லை என்று மட்டும் தெரியும். நரம்பு டாக்டர் ஒரு ஊசி போட்டார். அன்று மத்தியானம் முழுக்க வலி இல்லை. வீட்டுக்கு நடந்தே வந்தேன். வழியில் ஒரு பூங்காவில் பெஞ்சில் உட்காருவதும் எழுந்திருப்பதுமாக இருந்தேன், அந்தச் சுகத்துக்காகவே. பார்த்தவர்கள் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். சாயங்காலம் கொக்கி திரும்ப மாட்டிக்கொண்டது. அடுத்த ஊசிக்கு அந்த மத்தியானம்கூடக் கிடைக்கவில்லை.

இப்போது என் மச்சினனைப் பற்றிச் சொல்ல வேண்டும். மனைவிக்குத் தம்பி. அதே கம்பெனி, எங்கள் வீட்டிலேயேதான் இருப்பு. நல்லவன். அதை யார் கேட்டாலும் சொல்வேன். ஆபரேஷன் முடிந்து வந்த அன்று லிஃப்ட் ஓடவில்லை. என்னை நாற்காலியோடு சேர்த்துத் தூக்கி மாடியில் கொண்டுபோய் வைத்தவன் அவன்தான். தூக்க முடியாத ஆளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று முதலாளி முகத்தைத் தூக்கிக்கொண்டபோது, கெஞ்சிக் கூத்தாடி என்னைக் குரல் கொடுக்கிற வேலையில் போட வைத்தவனும் அவன்தான்.

ஆனால் வாய் சும்மா இருக்காது. முதலில் கம்பெனியில் கிண்டல் செய்தான், அப்புறம் வீட்டில். நான் எழுந்திருப்பதை அப்படியே நடித்துக் காட்டுவான். ஒரு கை இடுக்கில், ஒரு கை மேஜை மேல், முகத்தில் ஒரு கோணல். என் மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள், அது குழந்தை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் அவன் அதைச் செய்தபோது என் மனைவியும் சிரித்துவிட்டாள். உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனாலும் சிரித்தது சிரித்ததுதான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அன்றுவரை அவள் ஒருத்தியாவது நம்புகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் என்னைப் பொறுத்துக்கொண்டிருந்திருக்கிறாள், அவ்வளவுதான்.

கத்திப் பார்த்தேன். பேசாமல் இருந்தும் பார்த்தேன். கத்தினால் இவ்வளவு தெம்பு இருக்கிறவனுக்கு என்ன வலி என்றார்கள். பேசாமல் இருந்தால் இன்று பரவாயில்லை போலிருக்கிறது என்றார்கள். எந்தப் பக்கம் போனாலும் முட்டுச்சந்து. அப்போதுதான் யோசித்தேன். இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது, பட்டால்தான் புரியும்.

யார் மேலே, யார் கீழே என்று சொல்வதும் குரல் கொடுக்கிறவன் வேலைதான். மாற்றி மாற்றி நிறுத்துவது வழக்கம். நான் அவனைக் கீழேயே நிறுத்தினேன். உன் பலம் யாருக்கு வரும் மாப்ள என்பேன், அவன் பூரித்துப்போவான். கனம் தூக்கும்போது குடல் இறங்காமல் இருக்க அவன் இடுப்பில் கட்டுகிற பெல்ட் நைந்துபோயிருந்தது. புதிது எடுத்துத் தர வேண்டியவன் நான், மறந்துவிட்டேன். மறந்துவிட்டேன் என்பது சரியில்லை, எடுத்துத் தரவில்லை. அவன் கெட்டுப்போக வேண்டும் என்று எனக்கு எண்ணமே கிடையாது. எனக்கு இருப்பது அவனுக்கும் கொஞ்ச நாள் இருக்கட்டும், அப்புறம் உட்கார்ந்து பேசலாம் என்றுதான் இருந்தேன்.

பொறுமையாகத்தான் இருக்க வேண்டியிருந்தது, ஆள் இரும்பு. கடைசியில் ஒரு நாள் குளித்துவிட்டு வந்தவன் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டுத் துண்டை விலக்கிக் காட்டினான். இது என்னவென்று பாருங்கள் மாமா என்றான். அதே புடைப்பு, அவனுக்கு இடது பக்கம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பாசம் என்று நினைத்துக்கொண்டான். பாசம் இல்லை என்றும் சொல்ல மாட்டேன்.

வேறு டாக்டரைப் பார்க்கலாம் என்று மனைவி இழுத்தாள். நான் விடவில்லை. எனக்கு ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது என்று நீங்கள்தானே எல்லோரும் சொன்னீர்கள், பிறகு என்ன என்று கேட்டேன். என் டாக்டரிடமே அவனைக் கூட்டிப்போனேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் நானே காத்துக்கிடந்தேன். தனக்கே முடியாத நிலையில் மச்சினனுக்காக இப்படி அலைகிறாரே என்று நர்ஸ் சொன்னதாக மனைவி சொன்னாள்.

முதல் வாரம் அவன் முனகினான். எப்படி ஒருக்களித்துப் புரண்டு எழுந்திருக்க வேண்டும், இருமும்போது தலையணையை எங்கே வைத்து அழுத்த வேண்டும் என்றெல்லாம் நான்தான் சொல்லிக் கொடுத்தேன். ‘எப்படி மாமா இதோட இருக்கீங்க?’ என்று ஒரு தடவை கேட்டான். உண்மையைச் சொன்னால் அந்த வீட்டில் நான் சந்தோஷமாக இருந்த வாரம் அதுதான். நாங்கள் இரண்டு பேரும் ஒரே மொழி பேசினோம்.

அப்புறம் ஒரு காலையில் அவன் தும்மினான். நான் நிமிர்ந்து பார்த்தேன். அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டு செருப்பைத் தேடப் போய்விட்டான். உலகத்தில் மற்றவர்கள் எப்படித் தும்முவார்களோ அப்படித் தும்மினான்.

மாதம் திரும்புவதற்குள் மாடிப்படியைத் தாவித் தாவி ஏறினான். சாப்பாட்டு மேஜையில் எல்லோரும் இருக்கும்போது சொன்னான். கிண்டலாகக்கூட இல்லை, அக்கறையாகத்தான் சொன்னான்.

“அதே டாக்டர், அதே வலை. எனக்கு ஒண்ணும் இல்லையே மாமா. நீங்க அதையே நினைச்சிட்டு இருக்கீங்க, அதான். கொஞ்சம் மறந்து பாருங்க.”

என் மனைவி மெல்லத் தலையை ஆட்டினாள். அதுவே தீர்ப்பு மாதிரி இருந்தது. நான் பார்த்துப் பார்த்து ஏற்பாடு செய்தது எனக்கே எதிர்ச்சாட்சியாக வந்து நின்றது. மறுநாள் பார்த்தால் என் நாற்காலியில் போட்டிருந்த மெத்தையை என் மனைவி துவைத்துக் காயவைத்துப் பரணில் ஏற்றிவிட்டாள். “இனிமே இது எதுக்குங்க” என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். குழந்தைக்குப் பால் பாட்டிலை நிறுத்துகிற மாதிரி அன்பாகச் சொன்னாள்.

அதற்கப்புறம் அந்த மூன்றாம் மாடி வீடு. அங்கே பழைய மர பீரோ ஒன்று, லிஃப்ட்டில் நுழையவில்லை. மேலே மொட்டை நின்றான், எங்களோடு வேலை செய்கிறவன், அவனை நீங்கள் விசாரித்திருப்பீர்கள். கீழே யார் என்று நான் சொல்வதற்குள் மச்சினனே போய் நின்றுகொண்டான். உடம்பு முன்னைவிட நன்றாக இருக்கிறது என்று சொல்லிச் சிரித்தான். நான் அவனுக்குப் பின்னால் கீழ்ப்படிக்குப் போனேன்.

‘படி’ என்றேன், இறங்கினான். ‘படி’ என்றேன், இறங்கினான். ‘திருப்பு’ என்றேன், திரும்பினான். அவ்வளவு பெரிய உடம்பு, என் குரலைக் கேட்டு நடந்தது. அப்போதுதான் கவனித்தேன், எனக்கு வலி இல்லை. கொக்கியை யாரோ கழற்றிவிட்டிருந்தார்கள். ஊசி போட்ட அந்த மத்தியானம் மாதிரி உடம்பு லேசாக இருந்தது. அடுத்த மாடியும் அதற்கடுத்த திருப்பமும் அப்படியே போனது. எனக்கு அவன் மேல் கோபம்கூட இருந்ததாக ஞாபகம் இல்லை.

கடைசிப் படிவரிசையில் பாதிதான் இறங்கியிருந்தான். நான் முதலில் சுவரோரமாக ஒதுங்கிக்கொண்டேன். ஒதுங்கிய பிறகுதான் சொன்னேன். வாய் தவறி வந்திருந்தால் ஒதுங்கியிருக்க மாட்டேன், இதை நீங்களும் யோசித்திருப்பீர்கள். ‘தரை’ என்றேன். அவன் காலை நீட்டிப் பின்னால் வைத்தான். அங்கே தரை இல்லை.

முதுகெலும்பு என்றார்கள். தினமும் போய்ப் பார்க்கிறேன். ஆரஞ்சு உரித்துக் கொடுக்கிறேன், கால் பிடித்துவிடுகிறேன். இனியாவது அவனுக்குப் புரியும் என்று ஒரு நினைப்பு எனக்கு இருந்தது, மறைக்க விரும்பவில்லை. கணுக்காலை அழுத்திப் பிடித்து வலிக்கிறதா என்று கேட்டேன்.

“இல்ல மாமா. ஒண்ணுமே தெரியல. அதான் பயமா இருக்கு” என்றான்.

இடுப்புக்குக் கீழே ஒன்றுமே தெரியவில்லையாம். இனியும் தெரியாதாம். என் அதிர்ஷ்டத்தைப் பாருங்கள் சார். இவ்வளவுக்குப் பிறகும் அந்த இடத்தில் வலிக்கிறவன் நான் ஒருவன்தான்.

இப்போது திருத்த வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். குரல் ஏன் தவறியது என்று நீங்கள் கேட்டபோது, அவருக்கு ஆபரேஷன் செய்த இடத்தில் திடீரென்று வலி வந்திருக்கும், அந்த வேதனையில் வாய் தவறியிருக்கும் என்று என் மனைவி சொன்னாள். முதலாளியும் அதையே சொல்லியிருக்கிறார். டாக்டர்கூட, இந்த மாதிரி வலி சிலருக்கு வருஷக்கணக்கில் இருப்பது உண்டு என்று எழுதிக் கொடுத்திருக்கிறாராம். இத்தனை நாள் எங்கே வைத்திருந்தாரோ அந்தப் பேனாவை. என் மச்சினன் படுத்த படுக்கையில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்.

“உங்க வலி நிஜம்னு இப்பத்தான் மாமா புரியுது. நான் கிண்டல் பண்ணியிருக்கக் கூடாது. உங்க மேல தப்பே இல்ல.”

எத்தனை நாள் ஏங்கியிருக்கிறேன் இந்த வார்த்தைக்கு. பரணிலிருந்து மெத்தையும் இறங்கி வந்துவிட்டது. நான் வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும், இனி அந்த வீட்டில் நான் எழுந்திருக்கும்போது யாரும் சிரிக்க மாட்டார்கள். ஆனால் என்னால் முடியவில்லை. வலித்த நாளிலெல்லாம் ஒருவரும் நம்பவில்லை. வலிக்காத ஒரு நாளைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் நம்புகிறார்கள். இதை நான் ஒத்துக்கொண்டால், மற்ற நாட்களில் சொன்னதும் இதே மாதிரிப் பொய்தானே என்று நாளைக்கு யாராவது கேட்க மாட்டார்களா?

அதனால் சரியாக எழுதிக்கொள்ளுங்கள். அன்று எனக்கு வலி இல்லை. தலைசுற்றல் இல்லை, கவனப்பிசகும் இல்லை. படி பாக்கியிருப்பது என் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்துதான் ‘தரை’ என்று சொன்னேன். என் மச்சினனிடம் இதை நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள், எப்படி வேண்டுமானாலும் சொல்லுங்கள். நான் வலி விஷயத்தில் ஒருநாளும் பொய் சொன்னதில்லை என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.