தாயின் சத்தம் கேட்காத தூரம்

வீச்சுவலையால் குரங்கு பிடிக்க வேண்டுமானால், ஓரத்து ஈயக்குண்டுகளில் பாதியைக் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் தாயின் வயிற்றைக் கட்டிக்கொண்டிருக்கும் குட்டிக்கு அடிபடும். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, நானாகவே செய்தேன். என்னைக் கல்நெஞ்சன் என்று எழுதுவதற்கு முன் இதையும் எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் ஐயா.

என் பெயர் லோகநாதன். பழவேற்காட்டில் மீன் பிடிப்பவன். ஐந்து வருடமாக, குரங்குகளின் ரத்தத்தை ஆராய வரும் டாக்டர் ஜெனிஃபருக்குச் சவுக்குத்தோப்பில் குரங்கு பிடித்துத் தருகிறேன். அந்தக் குரங்குகளுக்குள் ஒரு கிருமி இருக்கிறதாம். யாரும் ஊசியில் ஏற்றியதல்ல, தானாகவே பரவியது. பெரும்பாலானவற்றை ஒன்றும் செய்யாது. ஒன்றிரண்டுக்கு மட்டும் பல வருடம் கழித்து ரத்தப் புற்றுநோயாகிவிடும். தாய்ப்பால் வழியாகக் குட்டிக்கும் இறங்கும்.

ராணி என்று நான் பெயர் வைத்த பெண் குரங்கை முதல் சோதனையில் சுத்தம் என்றார்கள். அடுத்ததில் கிருமி இருந்தது. நான்கு வருடம் கொழுகொழுவென்று திரிந்தது. போன தை மாதம் கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்குக் கட்டிகள் வந்தன. இருபதே நாளில் என் மடியில் செத்தது. அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது.

ஆனி மாதம், அதே கூட்டத்துக் குரங்கு ஒன்று கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த என் மனைவி செவ்வந்தியின் கையைக் கடித்துவிட்டது. எங்கள் மகள் ஹேமாவுக்கு அப்போது நான்கு மாதம். தாய்ப்பால்தான் குடித்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் பதறவில்லை. செவ்வந்திக்கு வெறிநாய்க்கடி ஊசி போடச் செய்து, கிருமிச் சோதனைக்கு ரத்தமும் எடுத்துக்கொண்டார். "கடிச்சா வந்துரும்னு இல்லண்ணா. ரிசல்ட் வர்ற வரைக்கும் புட்டிப்பால் குடுங்க. பாப்பா குடிக்கலைனா உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வந்துருங்க" என்றார்.

ஹேமா புட்டியைத் துப்பினாள். சுவருக்கு அந்தப் பக்கம் செவ்வந்தி இருமினால்கூடத் தலையைத் திருப்பி வீறிட்டாள். செவ்வந்தியின் ரவிக்கை நனைந்துகொண்டே இருந்தது. நான் இல்லாத நேரம் பார்த்துக் கொடுத்துவிடுவாள் என்று தெரிந்தது.

டாக்டரின் கூண்டுக் கொட்டகையில் இதற்கு ஒரு வழி உண்டு. கிருமியுள்ள தாயிடமிருந்து பிரித்த குட்டியை, அதன் சத்தம் கேட்காத தூரத்தில் வைப்போம். இரண்டு நாள் கத்தும். மூன்றாம் நாள் அடங்கி, புட்டியைப் பிடித்துக்கொள்ளும். ஆறு குட்டிகளை அப்படித்தான் வளர்த்தேன். ஒன்றுகூடச் சாகவில்லை.

அதனால் ஹேமாவைப் படகில் ஏற்றினேன். செவ்வந்தி இடுப்பளவு தண்ணீர் வரை ஓடிவந்தாள். "இன்னாயா பண்ற, புள்ளைக்குப் பசிக்குதுயா, ஒரு வாட்டி குடுத்துட்டுத் தர்றேன்" என்றாள். அந்த ஒரு வாட்டிதானே எனக்குப் பயமே. ஏரியின் அக்கரையில் காலியாகக் கிடந்த ஒரு வலைக்கொட்டகைக்குப் போனேன். ஊரே படகெடுத்துத் தேடியதாம். அந்தப் பக்கம் யாரும் வரவில்லை.

ஊரிலிருந்து வந்த போன் எதையும் நான் எடுக்கவில்லை. இரண்டாம் நாள் டாக்டர் போன் செய்தபோது மட்டும் எடுத்தேன்; நான் பிள்ளையைத் தூக்கி வந்தது அவருக்குத் தெரியாது. செவ்வந்திக்குக் கிருமி இல்லை, தாராளமாகப் பால் கொடுக்கலாம் என்றார். ராணிக்கும் முதலில் இப்படித்தானே சொன்னார்கள். பாப்பா புட்டி குடிக்கிறாளா என்று கேட்டார். "நல்லாக் குடிக்குது மேடம்" என்று சொல்லிவிட்டு போனை அணைத்தேன். அது பொய். ஒரு சங்குப் பால்கூட உள்ளே இறங்கவில்லை. உதடு வெடித்திருந்தது. ஆனாலும் இன்னும் ஒரே நாள்தானே என்று இருந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் காலை அழுகை அடங்கியது. அப்பாடா என்றிருந்தது. புட்டியைச் சுடுதண்ணீரில் கழுவி, புதிதாகப் பால் கலக்கினேன்.

ஆமாம், என் மகளைப் பட்டினி போட்டுக் கொன்றது நான்தான். செவ்வந்திக்கோ டாக்டருக்கோ இதில் பங்கில்லை. பிரேதப் பரிசோதனையில் ஹேமாவின் ரத்தத்தையும் பார்த்தார்களாம், கிருமி இல்லையாம். நான் பிரித்து வைத்ததால்தான் இல்லை என்று அதில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். செவ்வந்தி என் முகத்தில் விழிக்க மாட்டேன் என்கிறாள். பிள்ளை தப்பித்துவிட்டாள் என்று நீங்களாவது அவளிடம் சொல்லுங்கள்.