முப்பத்தோராவது கம்பம்

பெயர் ஆதவன். தந்தை பெயர் மருதப்பன். வயது 27. சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் அடுக்குமாடி வீட்டில் பெற்றோருடன் வசிக்கிறேன். கிராஞ்சி பக்கம் உள்ள ஓர் ஆட்டுப் பண்ணையில் துணை மேலாளர். விசாரணை அதிகாரி கேட்ட கேள்விகளுக்குத் தமிழில் பதில் சொன்னேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை.

இறந்துபோன செல்லக்கண்ணு, வயது 44, மன்னார்குடிப் பக்கத்துக்காரர். ஒர்க் பெர்மிட்டில் ஆறு ஆண்டுகளாக எங்கள் பண்ணையில் வேலை செய்தார். நான் அவரை அண்ணே என்பேன். அவர் என்னை சார் என்பார். வேண்டாம் என்று சொல்லியும் விடவில்லை.

சென்ற செப்டம்பரில், சாலையை ஒட்டிய மேய்ச்சல் நிலத்துக்கு மின்வேலி போட முடிவானது. கம்பங்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு எனக்கு. மரம், கண்ணாடியிழை, இரும்பு மூன்றையும் பார்த்தேன். செல்லக்கண்ணு மரம் கேட்டார், இல்லாவிட்டால் கண்ணாடியிழை. இரண்டும் வந்துசேர மூன்று வாரம் ஆகும். முதலாளி தனசேகரன், “சனிக்கிழமை ஆடு வந்துரும் லா. பொங்கல் கம்பம் ஸ்டோர்ல சும்மாதான கெடக்கு, அத நடுங்க” என்றார். பொங்கல் சமயத்தில் லிட்டில் இந்தியாவில் பொதுமக்கள் பார்ப்பதற்காக எங்கள் ஆடுகளைக் கொண்டுபோய் அடைக்கும் பட்டியின் இரும்புக் கம்பங்கள் அவை. மஞ்சள் பெயிண்ட் அடித்தவை. அந்தப் பட்டியில் மின்சாரம் கிடையாது. நான் மறுத்திருக்கலாம். வரிசையாக நட்டால் பண்ணையின் விளம்பரப் படத்தில் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். இரும்பை நான்தான் தேர்ந்தெடுத்தேன்.

மொத்தம் அறுபத்திரண்டு கம்பங்கள். மின்சாரம் இரும்பில் இறங்காமலிருக்கக் கம்பிக்கும் கம்பத்துக்கும் நடுவே வைக்கும் பிளாஸ்டிக் கட்டைகள் முப்பதுதான் இருந்தன. அதன் பிறகு மீதிக் கம்பங்களுக்குத் தோட்டத்து ரப்பர் குழாயைத் துண்டு துண்டாக வெட்டிக் கம்பியில் செருகிக் கட்டச் சொன்னேன். தற்காலிகம்தான் என்றேன். டிசம்பர் வரை மாற்றவில்லை.

செல்லக்கண்ணு தினமும் காலையில் நீளமான புல் ஒன்றைப் பிடுங்கி அதன் நுனியைக் கம்பியில் வைத்துப் பார்ப்பார். மின்சாரம் இருந்தால் விரலில் சுருக்கென்று தெரியும். நான் மின்வேலிப் பெட்டியில் மினுங்கும் பச்சை விளக்கைப் பார்த்துவிட்டுப் பதிவேட்டில் ‘சரி’ என்று எழுதுவேன்.

டிசம்பர் 9, திங்கட்கிழமை. மூன்று நாள் மழைக்குப் பிறகு அவர் அலுவலகத்துக்கு வந்து, “சார், வெளக்கு எரியுது, கம்பி செத்துக் கெடக்கு. கெடா அதுல முதுகு சொறிஞ்சுக்கிட்டு நிக்குது. ஆட்டுக்கே தெரிஞ்சிருச்சு, ஒங்களுக்குத்தான் இன்னும் தெரியல” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். “புல்லும் ஒரு மீட்டராண்ணே?” என்றேன். அவர் ஆடுகளைப் பார்க்கப் போய்விட்டார். அதன் பிறகு ‘சரி’ என்று எழுதினேன்.

மறுநாள் காலை சுமார் 8.10 மணிக்கு முப்பத்தோராவது கம்பத்தின் அருகே கம்பிக்கு அடியில் நுழைந்து ஐந்து ஆடுகள் சாலைக்குப் போயின. செல்லக்கண்ணு ஓடினார். கேட் பூட்டியிருந்தது. சாவி என்னிடம் இருந்தது. அவர் கேட்டின் மேல் ஏறிக் குதித்தார். மூன்று ஆடுகளைத் திருப்பிவிட்டார். அதன் பிறகு லாரி வந்தது. ஓட்டுநர் வேகமாக வரவில்லை. நான் அலுவலக வாசலில் நின்று பார்த்தேன். செல்லக்கண்ணுவின் பூட்ஸில் ஒன்று கேட்டின் உள்பக்கம் கிடந்தது.

அன்று பிற்பகல் தனசேகரன் என்னைக் கூப்பிட்டு, “கேட்டை அவரே தொறந்து விட்டுட்டாருன்னு எழுதிடுங்க ஆதவன். செத்தவர யாரு என்ன செய்யப்போறாங்க?” என்றார். விபத்து அறிக்கையில் அப்படியே எழுதிக் கையெழுத்திட்டேன்.

13ஆம் தேதி செல்லக்கண்ணுவின் மனைவி சாமுண்டீஸ்வரி ஊரிலிருந்து அழைத்தார். “கேட்டத் தெறந்து போட்டுட்டாருங்குறாங்களே தம்பி. வீட்டுக்கு வந்தா, படல் சாத்துனமான்னு ரெண்டு தடவ எந்திரிச்சுப் பாக்குற மனுசன் தம்பி அவரு” என்றார். அழவில்லை. உண்மையிலேயே கேட்டார். சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லிப் போனை வைத்தேன். தெளிவாகக் கேட்டது.

நேற்று முப்பத்தோராவது கம்பத்துக்குப் போனேன். ரப்பர் துண்டு வெயிலில் வெடித்துப் பிளந்திருந்தது. கம்பி இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஒரு புல்லைப் பிடுங்கிக் கம்பியில் வைத்தேன். ஒன்றும் தெரியவில்லை. நுனியிலிருந்து விரலைக் கம்பிக்கு இன்னும் கிட்டே கொண்டுபோனேன். கடைசியில் கையாலேயே பிடித்தேன். ஒன்றும் இல்லை. திரும்பி வந்தபோது பெட்டியில் பச்சை விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தது.

பதிவேட்டை ஒப்படைக்கிறேன். 10ஆம் தேதிப் பக்கத்திலும் ‘சரி’ என்று இருக்கிறது. எட்டு மணிக்கு முன்பே எழுதியது. கையெழுத்து என்னுடையது.

மேலே உள்ளதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். திருத்த ஒன்றுமில்லை, எல்லாம் உண்மை. விபத்து அறிக்கையில் நான் எழுதியது பொய். கேட் பூட்டியிருந்தது.

(ஒப்பம்)
ஆதவன்