செல்லசாமியின் மஞ்சள் கல்

ராத்திரி ஒரு மணி இருக்கும். காஞ்சிரங்குளத்திலிருந்து பாறசாலைக்கு வரும் உள்வழி. இரண்டு பக்கமும் வாழை. மழை நின்றுவிட்டது, இலைகள் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தன... ஸ்கூட்டரில் ஒருவர் தனியாக வருகிறார்.

அவர் ஜெயதாஸ். இதோ, எனக்குப் பக்கத்தில் போர்வையை இழுத்துக்கொண்டிருக்கிறானே ஷைஜு, இவனுடைய அக்கா தன்யாவின் கணவர். நான் தப்பாகச் சொன்னால் இவன் திருத்தட்டும்.

ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் துண்டில் சுற்றிய ஒரு கல். மடக்குச் சவரக்கத்தி தீட்டும் பழைய கல். ஜெயதாஸுக்கு இந்தக் கற்களைச் சேர்க்கும் பைத்தியம் உண்டு. மூடிப்போன சலூன்களிலும் பழைய இரும்புக் கடைகளிலும் தேடி அலைவார். நெய்யாற்றின்கரை நிஜினுக்கும் அதே பைத்தியம். வயதில் இளையவன். இருவரும் ஒரே வாட்ஸாப் குழு. ஒருவருக்கு நல்ல கல் கிடைத்தால் மற்றவருக்கு அன்று சோறு இறங்காது.

இந்தக் கல்லை முதலில் கண்டது நிஜின். காஞ்சிரங்குளத்தில், செத்துப்போன பார்பர் செல்லசாமியின் வீட்டில். ஜெயதாஸுக்குப் போட்டோ அனுப்பி, இது என்ன கல் என்று கேட்டான். காலையில் போய் வாங்கப் போவதாகவும் சொன்னான். மேலே பாலாடை மஞ்சள், கீழே கருநீலம். பசை வைத்து ஒட்டியதல்ல, பூமிக்குள்ளேயே ஒன்றாகப் பிறந்தது. கடல் தாண்டி வந்த கல். பார்த்ததுமே ஜெயதாஸுக்கு அதன் மதிப்பு தெரிந்துவிட்டது.

“எலே, அது தரையில பாவுத கல்லாக்கும். வெறுதே பெட்ரோல களையாதே” என்று, அவனைப் போகவிடாமல் பொய்ப் பதில் போட்டார். அன்று ராத்திரியே அவர் கிளம்பிப் போனார்.

கதவைத் திறந்தது செல்லசாமியின் மனைவி சுகிர்தபாய். ஒரு கேள்வியும் கேட்கவில்லை, கல்லை எடுத்துவந்து கையில் வைத்தாள். செல்லசாமி அதை வேறு யாரையும் தொடவிட மாட்டாராம். ஒருமுறை மீன் வெட்டும் கத்தியை அவள் அதில் தேய்த்துவிட்டாள். அந்த மழைக்காலம் முழுக்க அவளோடு பேசவில்லையாம்.

“கொண்டு போ மக்கா” என்றாள். “எனக்கு ராத்திரி ஒறங்கணும்.”

வழியில்தான் அந்தச் சத்தம். சீட்டுக்கு அடியில்... ஸ்ஸ்ர்ர்... கொஞ்சம் நின்று... மறுபடி ஸ்ஸ்ர்ர். வண்டியை நிறுத்தினால் அதுவும் நின்றது. கிளப்பினால் தொடங்கியது. சவர சோப்பு, படிகாரம், ஈர மண் மூன்றும் கலந்த வாசம். ஜெயதாஸ் வேகத்தைக் கூட்டினார். பயந்து அல்ல. நிஜின் எதிரே வந்துவிடுவானோ என்று.

ஷைஜு தலையாட்டுகிறான் பாருங்கள். “அத்தானுக்குப் பேயப் பயமில்ல” என்கிறான். “நிஜினைப் பயமாக்கும்.”

வீட்டுக்கு வந்து, கல்லைக் கழுவி, நனைத்துத் தேய்த்துப் பார்த்தார். பால்போல் மஞ்சள் சேறு வந்தது. சந்தேகமே இல்லை. நடுவில் தேய்ந்த குழி. சமையலறையில் கல்லுக்குப் பக்கத்தில் தன் கத்தியை வைத்துவிட்டுப் படுத்தார்.

காலையில் கல் ஈரமாக இருந்தது. கத்தி தீட்டியிருந்தது. ஒற்றை முடியைப் பிடித்துக் கத்திமேல் இறக்கினார்... பட்டதும் துண்டாகி விழுந்தது. இத்தனை வருடத்தில் அவர் கையில் வராத கூர்.

வேறு யாராக இருந்தாலும் கல்லை ஆற்றில் எறிந்திருப்பார்கள். இவர் வீடியோ எடுத்துக் குழுவில் போட்டார்.

“அண்ணா, இது உங்களுக்க கையா?” என்று நிஜின் கேட்டான்.

“பின்னே யாருக்க கை? எனக்க கையாக்கும்.”

அதன் பிறகு அதுவே வழக்கமாயிற்று. ராத்திரி கத்தியை வைப்பார், சமையலறையில் ஸ்ஸ்ர்ர் கேட்கும், காலையில் பெயர் வாங்குவார். முகம் தெரியாதவர்கள்கூடத் தீட்டித் தரச் சொல்லிக் கத்தி அனுப்பினார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நிஜின் நேரில் வந்தான். கல்லைப் பார்த்தான். எங்கே கிடைத்தது என்று கேட்கவில்லை. தன் கண் முன்னால் ஒரு கத்தி தீட்டிக் காட்டச் சொன்னான். ஜெயதாஸ் வியர்க்க வியர்க்கத் தீட்டினார். முடி வளைந்து கொடுத்தது, அறுபடவில்லை. நிஜின் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பரவாயில்லை. கல்லைத் தூக்கிக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தான்.

“குழி சாஞ்சிருக்கது பாத்தியளா அண்ணா? இது இடது கைக்காரன் தேச்ச கல்லு. வீடியோவில உள்ள கத்தியும் இடது கைக்காரன் தீட்டினதாக்கும். நீங்க வலது கையில்லா?”

அவ்வளவுதான். போய்விட்டான்.

அதுவரை நிஜின் மேல் இருந்த பொறாமை அன்று முதல் செத்துப்போன செல்லசாமி மேல் திரும்பியது. ஜெயதாஸ் தட்டையான கண்ணாடித் துண்டில் உப்புத்தாளை ஒட்டி, கல்லைக் கவிழ்த்துத் தேய்த்தார். இருட்டும்வரை தேய்த்தார். செல்லசாமி ஆயுசு முழுக்கத் தேய்த்து உண்டாக்கிய குழி மஞ்சள் சேறாகி ஓடையில் போயிற்று. கல் தட்டையானது. இனி இதில் தன் கை மட்டும்தான் என்று தன்யாவிடம் சொன்னார்.

அன்று ராத்திரியும் சத்தம் வந்தது. சமையலறையிலிருந்து அல்ல... கட்டிலுக்குப் பக்கத்தில். அது கல்லின் சத்தமும் அல்ல. மெத்தென்று... கல்லில் தீட்டிய கத்தியைப் பார்பர் கடைசியில் தோல்வாரில் இழுப்பாரே, அந்தச் சத்தம். சோப்பு வாசம் முகத்துக்கு மேலே நின்றது. ஜெயதாஸால் அசைய முடியவில்லை. தன்யாவும் அந்தச் சத்தத்தைக் கேட்டாள். கொசு அடிக்கிறார் என்று நினைத்துத் திரும்பிப் படுத்தாள்.

காலையில் கல் காய்ந்து கிடந்தது. கத்தியில் அதுவரை இல்லாத கூர். ரத்தம் இல்லை, வலி இல்லை. அவருடைய வலது உள்ளங்கையில் ரேகை ஒன்றுகூட இல்லை... வழவழவென்று, நடுவில் லேசாகக் குழிந்து.

ஷைஜு ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டான். அவர் வரவில்லை. நிஜினைத்தான் வரச் சொன்னார்.

நிஜின் வந்தான். கத்தியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தக் கையை வாங்கி, சன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்து, கட்டைவிரலால் தடவினான். முகர்ந்தான். விடவே இல்லை. அவன் முகம் கறுத்துப்போனது என்று தன்யா சொன்னாள்.

“இது வேற யாருட்டயும் இருக்காது, என்னா அண்ணா?”

“இருக்காது” என்றார் ஜெயதாஸ். கல்யாணத்தன்றுகூட அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம் இல்லையாம்.

இப்போது பொழுது இருட்டினால் ஜெயதாஸ் வாசல் கதவுக்கு இரண்டு பூட்டு போடுகிறார். நிஜின் வந்துவிடக் கூடாது. பிறகு கத்தியை விரித்துத் தலைமாட்டில் வைக்கிறார். விளக்கை அணைக்கிறார். வலது கையை மட்டும் கட்டிலுக்கு வெளியே நீட்டி, உள்ளங்கையை நன்றாக விரித்து... படுத்துக் காத்திருக்கிறார்.